இல்லறத்தார்க்குச் சான்று

(திருக்குட நன்னீராட்டு விழாவின் மூன்றாம் நாள் மாலை திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருவருள் முன்னிற்க.



இத்தகைய பெருவிழாக்களில் பேச வருவோர் பெரும்பாலும் துறந்தார் பெருமையைப் பேசுவது வழக்கம். அடியேனும் ஐம்பதாண்டுகளாக அவ்வாறே பேசி வந்தவன். இளமையில் திருமடம் ஒன்றில் தங்கிச் சித்தாந்த சாத்திரமும் திருமுறையும் பயின்றவனுக்குத் துறவிகளைப் போற்றுவது பழக்கமாகிவிடுவது இயல்பே. ஆனால் இன்று இல்லறத்தார் ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் மடம் நிறுவியவர் அல்லர். கோபுரம் எடுப்பித்தவரும் அல்லர். நீதித்துறையில் ஊதியம் பெற்று வேலை பார்த்தவர்; மனைவி மக்களோடு வாழ்ந்தவர். நேற்று மாலை இம்மண்டபத்தில் ஓதுவார் திருப்புகழ் பாடியபோது நாம் மெய்ம்மறந்து கேட்டோமே, அந்தத் திருப்புகழ் நம் செவிக்கு எட்டியதற்குப் பெருங்காரணர் அவரே. வடக்குப்பட்டு வ. த. சுப்பிரமணிய பிள்ளை என்பது அப்பெரியாரின் பெயர். 1846-ஆம் ஆண்டிற் பிறந்து 1909-ஆம் ஆண்டில் இறைவன் திருவடி அடைந்தவர்.

அவர் வரலாற்றுக்குள் புகுமுன், தில்லையில் வாழ்ந்த வேறோர் இல்லறத்தாரை நினைந்து கொள்வோம். இரண்டு வரலாறுகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்க் காண்பீர்கள்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் தில்லைவாழ் அந்தணரை முதலில் வைத்தார். அவர்களையடுத்து அவர் வைத்தது யாரை? அரசரையன்று, முனிவரையன்று. அதே ஊரிலே மண் பிசைந்து சக்கரம் சுழற்றி, அடியார்க்குத் திருவோடு வனைந்து கொடுத்த திருநீலகண்டக் குயவனாரை வைத்தார். அவர் ஒருகால் தவறினார். மனைவியார் வெகுண்டு, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்றார். அந்த ஆணையை நாயனார் மீறவில்லை. எந்தப் பெண்ணையும் மனத்தினாலும் தீண்டேன் என்று அதனை மேலும் பெருக்கிக் கொண்டார். ஒரே கூரையின்கீழ் இருவரும் வாழ்ந்தனர். அம்மையார் கணவருக்குச் செய்ய வேண்டிய பணிகளில் ஒன்றையும் குறைக்கவில்லை. அயலார் ஒருவரும் அறியாதபடி இருவரும் முதுமை எய்தினர்.

அதன்பின் இறைவன் சிவயோகியாராய் வந்து ஓர் ஓட்டை அடைக்கலமாகக் கொடுத்து, அதனைத் தானே மறையச் செய்து, திரும்ப வந்து கேட்டான். வழக்குத் தில்லைவாழ் அந்தணர் அவைக்குச் சென்றது. கள்வன் அல்லன் என்பதை மெய்ப்பிக்க நாயனார் என்ன செய்தல் வேண்டும்? சிவயோகியார் முதலில் கேட்டதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். “உன் மகனைக் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க” என்பதே அவர் முதற்கேள்வி. எமக்கு மகன் இல்லை என்று நாயனார் விடை கூறிய பின்னரே, மனைவியின் கையைப் பற்றுக என்றார். நாயனார் மூங்கிற்கோலின் ஒரு முனையைத் தாம் பிடித்து, மறுமுனையை மனைவியார் பிடிக்க, தம் பழைய பிழையை ஊரறியச் சொல்லிவிட்டு மூழ்கினார். இளமை பெற்று இருவரும் எழுந்தனர். சிதம்பரத்தில் இளமையாக்கினார் திருக்கோயிலும் அதன் திருக்குளமும் இன்றும் அந்நிகழ்ச்சியை நினைவூட்டி நிற்கின்றன.

அன்பர்களே! இல்லறத்தான் ஒருவனின் வாய்மைக்கு இறைவன் கேட்ட சான்றுகள் இரண்டே. மகனின் கை ஒன்று. மனைவியின் கை மற்றொன்று. அவன் அவையில் பேசிய பேச்சையும் ஈந்த பொருளையும் இறைவன் சான்றாகக் கேட்கவில்லை. இக்கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுப்பிரமணிய பிள்ளையவர்கள் வரலாற்றுக்கு வருவோம்.

1871-ஆம் ஆண்டு. பிள்ளையவர்கட்கு வயது இருபத்தைந்தளவு. தில்லைத் தீட்சிதர்கள் வழக்கொன்றில் தங்கள் தொன்மைக்கும் உரிமைக்கும் ஆதரவாகப் பழைய சான்றுகளை எடுத்துக் காட்டினார்கள். அவற்றுள் ஒன்று அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாடல். தில்லை மூவாயிரவர் வழுவாது செய்யும் வேள்வியையும் அவர்தம் பெருமையையும் அப்பாட்டில் அருணகிரியார் போற்றியிருக்கின்றார். நீதித்துறையைச் சார்ந்த பிள்ளையவர்கள் அப்பாடலைக் கேட்டார். வழக்கிற்கு வந்த மற்றையோர் அதனைச் சான்றாகக் கேட்டனர். பிள்ளையவர்கள் அதனைப் பாட்டாகக் கேட்டார். அதன் சந்தமும் சொல்லும் அவருள்ளத்தைப் பற்றிக்கொண்டன. இத்தகைய பாடல் ஒன்று உண்டாயின் இன்னும் எத்தனை உண்டு? அவை எங்கே கிடக்கின்றன? இக்கேள்வி பிறந்த நாளே அவர் வாழ்வு திரும்பிய நாள்.

தொடர்பு இப்பொழுது விளங்கியிருக்கும். தில்லையில் ஒரு வழக்கிலே திருநீலகண்டரின் உண்மை வெளிப்பட்டது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், தில்லையைப் பற்றிய மற்றொரு வழக்கிலே திருப்புகழ் வெளிப்பட்டது. வழக்கையும் வாயிலாகக் கொண்டு அருளுதல் அம்பலவாணனுக்கு விளையாட்டுப் போலும்!

அருணகிரியார் பதினைந்தாம் நூற்றாண்டினர், திருவண்ணாமலையில் வாழ்ந்தவர். அவர் பாடிய திருப்புகழ் பதினாறாயிரம் என்பது வழிவழிச் செய்தி. ஆனால் பிள்ளையவர்கள் தேடத் தொடங்கிய காலத்தில் அச்சிட்ட தொகுப்பு என்று சொல்லத்தக்கது இல்லை. பாடல்கள் ஏடுகளிலே சிதறிக் கிடந்தன. செல்லுக்கு இரையானவை போக எஞ்சியவற்றைத் தென்னாடெங்கும் அலைந்து தேடினார். அக்காலத்தில் பழைய நூல்களை மீட்ட பெரியோர் சிலர் இருந்தனர். புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்த சி. வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் தந்தார். உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைத் தந்தார். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் நம் பிள்ளையவர்கள். ஆயினும் கற்றோர் அவையில் அவர் பெயர் அத்துணை ஒலிப்பதில்லை.

ஏட்டைப் படிப்பது எளிதன்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வேற்றுமை இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். வாக்கியம் எங்கே முடிகிறது, சொல் எங்கே பிரிகிறது என்பதை ஏடு சொல்லாது. எழுதினவர் பிழைக்கமேல் பார்த்தெழுதினவர் பிழையும் சேரும். திருப்புகழைப் பொறுத்தவரை ஒரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு பாடலும் ஒரு சந்தக் குழிப்பிற்கு உட்பட்டு நடக்கும். அடிதோறும் அச்சந்தம் மீண்டும் மீண்டும் வரும். முடிவில் தொங்கல் வரும். எனவே ஓரெழுத்துக் குறைந்தாலும் மிகுந்தாலும் நெடில் குறிலாயினும் செவி உடனே காட்டிக் கொடுத்துவிடும். கண்ணால் ஐயுற்ற இடத்தைச் செவியால் தெளியலாம். அதற்குப் பாடல்கள் நாவிலே ஊறியிருத்தல் வேண்டும். அலுவலகத்து வேலை முடிந்து வந்த ஒருவர், விளக்கொளியில் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, தந்தன தானன என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பாடத்தைத் தெளிந்திருப்பார் என்பதை நினைக்கும்போது உள்ளம் உருகுகின்றது.

நீதித்துறைப் பணியோ ஊர் மாறும் பணி. பிள்ளையவர்கள் ஜில்லா முன்சீப் பதவி வரையில் உயர்ந்தார். பகலில் நிலத்தகராறும் கடன்பத்திரமும் அவர் முன்வரும். சாட்சிகளின் பேச்சில் மெய் எது, பொய் எது என்று தெரிந்து தீர்ப்பெழுத வேண்டும். மாலையில் ஏடுகளின் பாடங்களில் மெய்ப்பாடம் எது, பிழைப்பாடம் எது என்று தெரிய வேண்டும். இவ்விரண்டும் ஒரே மனப்பயிற்சியின் இரு பயன்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் தேடல் வீண்போகவில்லை. 1894-ஆம் ஆண்டில் திருப்புகழ் முதற்பாகமும் 1901-ஆம் ஆண்டில் இரண்டாம் பாகமும் அச்சேறின. தில்லைப் பாடலைக் கேட்ட நாளுக்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடையில் முப்பதாண்டுகள்!

தாய்மார்களே! இங்கே உங்களுக்கு ஒரு சொல். ஒருவர் முப்பதாண்டுகள் ஏடு தேடி அலைந்தாரானால், அந்த முப்பதாண்டும் அவ்வில்லத்தை நடத்தியவர் ஒருவர் இருந்தார் என்பது சொல்லாமலே விளங்கும். ஏட்டுக்குச் செலவான பணம் வீட்டுச் செலவில் குறைந்த பணம் அன்றோ? ஊர் மாறும்போதெல்லாம் பாத்திரம் பண்டங்களோடு ஏட்டுக் கட்டுகளையும் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும் அன்றோ? புத்தகத்தின் முகப்பில் அந்த அம்மையாரின் பெயர் அச்சாவதில்லை. மூங்கிற்கோலின் மறுமுனையைப் பிடித்த தில்லை அம்மையாருக்கும் சேக்கிழார் பெயர் சொல்லவில்லை. ஆயினும் அக்கோலின் மறுமுனையைப் பிடிப்பார் இல்லையேல் நாயனாருக்கு முழுக்கு ஏது?

இனி, மகனின் கையைப் பற்றிய கேள்விக்கு வருவோம்.

1883-ஆம் ஆண்டில் நம் கடலூரைச் சார்ந்த மஞ்சக்குப்பத்தில் பிள்ளையவர்கட்கு ஒரு மைந்தர் பிறந்தார். தணிகைப் பெருமானின் திருநாமங்களுள் ஒன்றாகிய செங்கல்வராயன் என்பதே அம்மைந்தர்க்குப் பெயராயிற்று. பெயரிட்டபோதே தந்தையின் உள்ளம் எங்கே இருந்தது என்பது தெரிகிறது. திருப்புகழ் முதற்பாகம் வெளிவந்தபோது சிறுவருக்கு வயது பதினொன்று; இரண்டாம் பாகம் வந்தபோது பதினெட்டு. ஏனைய சிறுவர் பாட்டி கதை கேட்டு வளரும் பருவத்தில், இவர் ஏட்டைப் பிரிக்கும் ஓசையையும் சந்தம் சொல்லும் ஓசையையும் கேட்டு வளர்ந்திருப்பார். ‘படி’ என்று தந்தை ஆணையிட்டாரோ இல்லையோ, தந்தை படிப்பதை மகன் நாள்தோறும் கண்டார். அதனினும் உயர்ந்த பாடம் எது?

அவரே பிற்காலத்தில் தணிகைமணி என்று தமிழுலகம் போற்றிய வ. சு. செங்கல்வராய பிள்ளை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். தந்தையைப் போலவே அரசாங்கப் பணியில் அமர்ந்தார். பதிவுத்துறையில் பணியாற்றி 1938-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். தந்தையார் மறைந்தபோது இவருக்கு வயது இருபத்தாறு நிரம்பவில்லை. தமக்கு உரிய வாழ்வைத் தேடிக்கொண்டு, தந்தையின் ஏட்டுக் கட்டுகளைப் பரண்மேல் ஏற்றியிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவர் அவ்வாறு செய்யவில்லை. சகோதரர் சண்முகம் பிள்ளையோடு சேர்ந்து தந்தையின் பதிப்புப் பணியைத் தொடர்ந்தார். அருணகிரியார் அருளிய நூல்கட்கு உரை கண்டார். இன்று கிடைக்கும் ஆயிரத்து முந்நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களைப் பொருள் அறிந்து ஓத விரும்புவோர்க்கு அவ்வுரையே பெருந்துணை.

அதனோடும் நின்றாரல்லர். மூவர் தேவாரத்தையும் ஆராய்ந்து ஒளிநெறி என்னும் நூல்களை இயற்றினார். தேவாரத்தில் வரும் ஊர், மலர், மரம், இசைக்கருவி, அடியார், இறைவன் செயல் என ஒவ்வொரு பொருளும் எங்கெங்கே வருகிறது என்பதைத் தலைப்பிட்டு வரிசைப்படுத்தித் தந்தார். கணிப்பொறி இல்லாத காலம் அது. ஒரு மனிதர் தம் கையால் எழுதி, தம் கையால் அடுக்கியது. பதிவு அலுவலகத்தில் பத்திரங்களை வகைப்படுத்திய கை, தேவாரச் சொற்களையும் வகைப்படுத்தியது போலும். 1972-ஆம் ஆண்டில், எண்பத்தொன்பது வயதளவில், அவர் இறைவன் திருவடி சேர்ந்தார்.

கணக்கிட்டுப் பாருங்கள். தந்தை தில்லைப் பாட்டைக் கேட்டது 1871. மைந்தர் மறைந்தது 1972. ஒரு பாட்டு ஒரு குடும்பத்தை நூறாண்டுக்கு மேல் ஆட்கொண்டிருக்கிறது! தந்தையின் கடமையையும் மைந்தனின் கைம்மாற்றையும் வள்ளுவர் மக்கட்பேறு என்னும் ஒரே அதிகாரத்தில் வைத்தார். அவ்வதிகாரத்துக்கு இக்காலத்தில் எழுதப்பட்ட உரை இவ்விருவர் வாழ்வும் என்பேன். “உன் மகனைக் கைப்பற்றிச் சத்தியம் செய்க” என்று சிவயோகியார் நம் சுப்பிரமணிய பிள்ளையவர்களைக் கேட்டிருந்தால், தயங்காமல் அவர் கைநீட்டியிருப்பார்.

அக்கேள்வி என்னை நோக்கி வந்தால்? மெய்யன்பர்களே, இதனைச் சொல்லவே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டேன். திருநீலகண்டர் தம் பிழையை ஊரறியச் சொன்ன பின்னரே மூழ்கினார். அடியேனும் சொல்லிவிடுகிறேன். நான் ஊர் ஊராகச் சென்று திருமுறை விளக்கம் செய்தவன். மார்கழி முழுவதும் வெளியூர், சித்திரையில் வெளியூர், குருபூசை நாள்களில் வெளியூர். என் மனைவி ஒருநாள், “ஊருக்கெல்லாம் பதிகம் சொல்லுகிறீர்களே, இவனுக்கு ஒன்று சொல்லிக் கொடுக்கக் கூடாதா?” என்று பிள்ளையைக் காட்டிக் கேட்டாள். விடுமுறை வரட்டும் என்றேன். எத்தனையோ விடுமுறை வந்தன. பிள்ளை வளர்ந்து, படித்து, நல்ல வேலையில் அமர்ந்தான். நல்லவன், பெற்றோரைப் பேணுபவன், அவன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு பதிகமும் அவனுக்கு முழுதாய்த் தெரியாது. பிறர் மக்கள் நூற்றுவர்க்குச் சொன்னவன் என் மகனுக்குச் சொல்லவில்லை. மனைவி மறைந்த பின்னர் அவள் பெட்டியைத் திறந்தேன். என் சொற்பொழிவு அழைப்பிதழ்கள் எல்லாம் ஆண்டுவாரியாக நூலிட்டுக் கட்டி வைத்திருந்தாள். நான் எங்கெங்கே பேசினேன் என்பதற்கு அவள் சான்று வைத்திருந்தாள். அவளோடு நான் இருந்த நாள்களுக்குச் சான்று அப்பெட்டியில் இல்லை.

இதனைக் கேட்டு எவரும் வருந்த வேண்டா. இறைவன் கருணை பெரிது. அவன் மூன்றாவது ஒரு கையையும் தருகிறான். என் பெயரனுக்கு இப்பொழுது எட்டு வயது. இரண்டாண்டுகளாக மாலைதோறும் அரைமணி நேரம் என்னோடு அமர்கிறான். முதலில் ஒரு தேவாரப் பதிகம், பிறகு திருப்புகழ். சந்தம் குழந்தைகட்கு மிகவும் பிடிக்கிறது. அவர்களுக்கு அது விளையாட்டுப்போல் இருக்கிறது. சென்ற வாரம் நான் ஓரிடத்தில் குறிலை நெடிலாக்கிப் பாடிவிட்டேன். “தாத்தா, அங்கே நீட்டக் கூடாது, தாளம் தப்புகிறது” என்றான். எழுபதைக் கடந்த புலவனை எட்டு வயதுச் சிறுவன் திருத்தினான். சுப்பிரமணிய பிள்ளையவர்கள் விளக்கொளியில் செவியால் கண்ட தெளிவு, என் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறுவன் செவிக்கு வந்து சேர்ந்திருந்தது. அவனை அணைத்துக்கொண்டேன். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மகன் அன்று முதல் எங்களோடு வந்து அமர்கிறான். நாற்பத்தைந்து வயதில் அவனுக்கு முதற்பாடம் நடக்கின்றது.

திருப்பணி அன்பர்களே! இங்கே விமானம் பொன்னொளி வீசுகின்றது. சுதை புதிதாயிற்று, திருக்குளம் தூர்வாரப்பட்டது. உங்கள் கொடை சிறியதன்று. அதனை இறைவன் ஏற்றுக்கொண்டான். ஆனால் பன்னிரண்டாண்டு கழித்து மீண்டும் இக்கோயிலுக்கு நன்னீராட்டு வரும்போது, இங்கே வந்து நிற்பவர் யார்? நம் மக்களும் பெயரரும். அவர்கள் கல்லையும் சுதையையும் மட்டும் காணப் போகிறார்களா, சந்நிதியில் நின்று வாய்விட்டுப் பாடப் போகிறார்களா? அதற்குரிய திருப்பணி இன்று இரவே உங்கள் வீட்டில் தொடங்கலாம். அதற்கு நன்கொடைச் சீட்டு வேண்டா. கல்வெட்டில் பெயர் வேண்டா. ஒரு பாட்டு, ஒரு குழந்தை, அரைமணி நேரம் போதும். புத்தாண்டு நாளில் திருத்தணிகையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளிலும் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும் விழாவை வள்ளிமலைச் சுவாமிகள் தொடங்கி வைத்தார்கள். அப்படிகளில் ஏறும் பெருங்கூட்டத்தைக் காண்பவர், இத்தனை பேர் நாவில் இப்பாட்டு எப்படி ஏறிற்று என்று எண்ணிப் பார்த்தால், அதன் அடிப்படியிலே ஒரு வீட்டையும் ஒரு தந்தையையும் இரண்டு மைந்தரையும் காண்பார்.

நாளை காலை குடமுழுக்கு நீரை நம் தலையில் ஏற்கப் போகிறோம். அதற்குமுன் இத்திருக்குளத்தில் நீராடுவோர் பலர் இருப்பீர்கள். படியில் இறங்கும்போது உங்கள் துணைவியாரும் மகனும் மகளும் பெயரரும் அருகில் இருப்பார்கள் ஆனால், அவர்கள் கையைப் பற்றிக்கொண்டு இறங்குங்கள். கோல் வேண்டா. அடியேனும் என் மகனையும் பெயரனையும் அழைத்து வந்திருக்கிறேன்.

தில்லைக் கூத்தன் திருவருளாலும் தணிகைப் பெருமான் திருவருளாலும் இவ்வூர் இல்லங்கள் எல்லாம் பாடும் இல்லங்களாகுக. 

திருச்சிற்றம்பலம்.